மதுரையில் நோபிலி போட்ட கோடு

11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் மிக்கேல் செல்லோஸ்னு ஒரு அறிஞர். கிறிஸ்தவர், ஆனா பிளேட்டோவை விடவும் மனசு வரலை. அதனால அவருடைய விசுவாசத்தையே சந்தேகப்பட்டார்கள். 'நம்முடையது அல்லாத அறிவை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?' என்ற அதே கேள்வி நம்ம பக்கத்திலும் எழுந்தது. எங்க ஓடைப்பட்டிக்காரர்கள் எதுக்கெடுத்தாலும் பஸ் ஏறும் மதுரையில்தான்.

1606-ல் அங்கே வந்த இத்தாலிய சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அவர் வாதம் இதுதான். கடவுள் ஒருவர் என்பதுவரை பகுத்தறிவாலேயே போகலாம். அதற்கு மேல்தான் வேதம் வேண்டும். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கம், சமயம் அல்ல. ஆதி கிறிஸ்தவர்களும் கிரேக்க, ரோமானிய வழக்கங்களை எடுத்துக்கொண்டவர்கள்தானே என்று கேட்டார்.

1619-ல் கோவாவில் கூடிய சபையில் கடும் எதிர்ப்பு. 1623-ல் போப் 15-ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்.

சரி, நோபிலி ஜெயித்தார். ஆனா பூணூலைச் 'சமூகம்' என்ற பக்கம் வைத்தால், சாதியும் கூடவே அந்தப் பக்கம் போய்விடும். அப்படியே போனது. 1640 வாக்கில், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் போக பண்டாரசாமி என்று தனித் துறவிகளையே ஏற்படுத்த வேண்டியிருந்தது.

செல்லோஸின் சிக்கல் புத்தகங்களோடு. நோபிலி சமரசம் செய்துகொண்டதோ ஒரு சமூகத்தோடு. அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கொடுத்தார்கள்.