புள்ளி இருந்தாலே பெங்கால் பூனையா? கண்டுபிடிப்பது எப்படி?

"உடம்பு பூரா சிறுத்தை மாதிரி புள்ளி இருக்கு பாருங்க, ஒரிஜினல் பெங்கால்!" என்று சொல்லி பல ஆயிரம் ரூபாய்க்குப் பூனைக்குட்டி விற்பவர்கள் உண்டு. புள்ளியை மட்டும் நம்பி வாங்கினால் பணம் போகலாம். சில சமயம் வழக்கில்கூட சிக்க நேரிடலாம்.

பெங்கால் பூனை எப்படி உருவானது?

பெயரைப் பார்த்து வங்காளத்துப் பூனை என்று நினைக்க வேண்டாம். ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரில் உள்ள 'பெங்காலென்சிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அந்தக் காட்டுப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து, அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் மில் இந்த இனத்தை வளர்த்தெடுத்தார். காட்டுப் பூனையிலிருந்து நான்கு தலைமுறை தள்ளி வந்தவையே பொதுவாக வீட்டுப் பூனைகளாகக் கருதப்படுகின்றன.

தெருப் பூனைக்கும் புள்ளி வருமே?

வரும். சாதாரண நாட்டுப் பூனையின் உடல் வரிகள் துண்டு துண்டாக உடைந்தால் புள்ளிகளாகத் தெரியும். பெங்காலில் பல புள்ளிகள் இரு நிறத்தில், ஓரம் கருத்து, நடுவில் வெளிறி இருக்கும். வயிற்றிலும் புள்ளி இருக்கும், வால் நுனி கருப்பாக இருக்கும். முடி குட்டையாக, மென்மையாக இருக்கும். பல பூனைகளுக்கு வெயிலில் மினுமினுக்கும்.

ஆனால் இவை அடையாளங்கள்தானே தவிர ஆதாரம் அல்ல. தாய், தந்தை விவரத்துடன் பூனைச் சங்கத்தில் பதிவு செய்த வம்சாவளிச் சான்றிதழ்தான் ஆதாரம். "பேப்பர் அப்புறம் தர்றேன்" என்றால் உஷார். டி.என்.ஏ. பரிசோதனை எந்த இனத்துக்கு நெருக்கம் என்று காட்டும்; சான்றிதழுக்கு அது மாற்றாகாது.

காட்டுக்குட்டியாக இருந்தால்?

உண்மையான சிக்கல் இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுத்தைப் பூனைகள் வாழ்கின்றன. தமிழகத்தில் துரும்பன் பூனை என்ற மிகச்சிறிய காட்டுப் பூனையும் உண்டு. இவற்றின் குட்டிகளைப் பார்த்தால் வீட்டுப் பூனைக்குட்டி போலவே இருக்கும்.

சிறுத்தைப் பூனைக்குக் காது வட்டமாக, பின்பக்கம் வெள்ளைப் பொட்டுடன் இருக்கும். கண்ணருகே தொடங்கும் வெள்ளைக் கோடுகள் நெற்றி வழியாக மேலேறும். ஆனாலும் சிறு குட்டியில் இதை உறுதியாகச் சொல்வது கடினம்.

இரண்டுமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வளர்த்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். "தெரியாம வாங்கிட்டேன்" என்பது தப்பிக்க வழியாகாது.

என்ன செய்யலாம்?

தோட்டத்திலோ வயலிலோ புள்ளிக் குட்டியைக் கண்டால் தூக்கி வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பூனை பெங்காலா, நாட்டுப் பூனையா என்ற சந்தேகமா? கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். எந்த இனமாக இருந்தாலும் ரேபிஸ் தடுப்பூசி அவசியம்.