புரண்டெழும் இரண்டு எழுத்துகள்

என்புருக்கி நோய்க்கு முதன்முதலாக வாய்த்த நுண்ணுயிரெதிரியான இசுட்ரெப்டோமைசின் 1943-இல் மண்வாழ் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பெறப்பட்டது. அது எவ்விடத்தில், எவ்வாறு பற்றுகிறது என்பதை அணு அணுவாகக் காண 2000-ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. அதுவரை இலக்கின் வடிவம் தெரியாமலேயே அம்பு எய்யப்பட்டது.

அவ்விலக்கு ரைபோசோம், மரபுச்செய்தியைப் படித்துப் புரதம் கோக்கும் உயிரணுப் பட்டறை. அதன் சிறு கூறு மட்டுமே ஏறத்தாழ 1,500 எழுத்து நீண்ட ஆர்.என்.ஏ. இழையும் இருபது புரதங்களும் பின்னிய முடிச்சு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் இம்முடிச்சை முதலில் தொட்டது யேல் பல்கலைக்கழகத்தில், பீட்டர் மூரின் ஆய்வகத்தில், முனைவர் பட்ட மேலாய்வாளராக இருந்தபோது. 1976-இல் இயற்பியலில் முனைவரான பின், மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் கற்று அங்கே சென்றவர் அவர். அத்துணிவு எனக்கு அவர் பின்னர் பெற்ற நோபல் பரிசினும் பெரிதாகப் படுகிறது. மேலாய்வுக்குப் பின் ஏறத்தாழ ஐம்பது கல்வி நிலையங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிட்டவில்லை. ரைபோசோமை அவர் கைவிடவில்லை.

வடிவத்தைக் காணப் படிகம் வேண்டும். 1980-இல் ஆடா யோனத் முதற்படிகங்களை வளர்த்துக் காட்டும்வரை, இத்துணைப் பெரிய முடிச்சு படிகமாகும் என்று நம்பியோர் சிலரே. படிகம் வளர்ப்பவர் கண்ணாடித் தகட்டின் அடியில் துளியைத் தொங்கவிட்டு, உப்பின் அளவைச் சிறிது கூட்டியும் குறைத்தும் வாரக்கணக்கில் நுண்ணோக்கி வழியே பார்த்திருப்பார். பெரும்பாலான துளிகள் கலங்கிப் போகும். என்றோ ஒருநாள், ஒரு துளியில், கூர்விளிம்புடைய சிறு மினுக்கம் தோன்றும். அதை மெல்லிய வளையத்தால் அள்ளி, கடுங்குளிரில் உறையவைத்து, ஊடுகதிர் பாய்ச்சுவர். சிதறி விழும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணிப்பர். வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரியின் ரைபோசோம் எளிதில் குலையாமல் இதற்கு ஈடுகொடுத்தது.

2000 செப்டம்பரில் இராமகிருட்டிணனின் கேம்பிரிட்சுக் குழு, சிறு கூற்றின் வடிவத்தை ஏறத்தாழ 3 ஆங்சுட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. ஓர் ஆங்சுட்ராம் என்பது செண்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு. உடன்வெளிவந்த கட்டுரையில் மூன்று நுண்ணுயிரெதிரிகள் பற்றியிருக்கும் இடங்கள் தெரிந்தன. அவற்றுள் பாரோமோமைசினின் செயல் வியப்பூட்டுவது. ஆர்.என்.ஏ. இழையின் 1492, 1493 ஆகிய இடங்களிலுள்ள அடினைன் எழுத்துகள் இரண்டும், உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ. மரபுச்செய்தியோடு வந்து பொருந்தும்போது வெளியே புரண்டெழுந்து அப்பொருத்தத்தைச் சரிபார்ப்பவை. மருந்து உள்ளே புகுந்து அவற்றை முன்னதாகவே புரட்டி நிறுத்திவிடுகிறது. பொருந்தாத டி.ஆர்.என்.ஏ.வும் பொருந்தியதாகக் கொள்ளப்படுகிறது. பிழைபட்ட புரதங்கள் பெருகுகின்றன.

இவ்வகை மருந்துகளுள் பல நம்மைப் பெரிதும் தாக்காமைக்கு 1408-ஆம் இடம் ஒரு முதன்மையான ஏது. நுண்ணுயிரியில் அங்கே அடினைன். நம் உயிரணுச் சாற்றிலுள்ள ரைபோசோமிலோ குவானைன். ஆயினும் நம் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோமில் அவ்விடத்தில் அடினைனே உள்ளது. இவ்வகை மருந்துகள் செவிப்புலனைக் கெடுப்பதற்கு அதுவும் ஓர் ஏதுவாகக் கருதப்படுகிறது. செவியைக் காத்து நுண்ணுயிரியை மட்டும் வீழ்த்தும் மருந்தைத் தேடுவோர், அந்த ஓரெழுத்தின் அக்கம்பக்கத்தை இன்றும் துருவிக்கொண்டிருக்கின்றனர்.