ஈட்டிய செல்வம் யாருக்கு?

ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய செல்வம் அவர் மறைந்தபின் யாரைச் சேரும்? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் தொழிற்பேட்டைகள் அமைந்து விளைநிலங்களின் விலை ஏறியபின், பாகப்பிரிவினை குறித்து நம்மிடம் வரும் வினாக்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இரு நாடுகளில் இதே வினா எழுந்த வரலாறு ஈண்டு அறியத்தக்கது.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவிலுள்ள அசாந்தே நாட்டில், செல்வர் ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற பொன்னில் அரசர் பங்கு கொள்வார். சொத்துரிமையோ தாய்வழியில் செல்லும். 1896இல் ஆங்கிலேயர் மன்னர் முதலாம் பிரெம்பேயைச் சிறைப்பிடித்து நாடு கடத்தியபின் அவ்விறப்பு வரி வலுவிழந்தது. வணிகத்தில் பொருளீட்டிய புதுச்செல்வர் இதனை வரவேற்றனர். 1935இல் அசாந்தே கூட்டாட்சி மீண்டும் நிறுவப்பட்டபோது, பழைய வரியும் திரும்பிவிடுமோ என்னும் அச்சம் அவர்களிடையே நிலவியது.

நம் சென்னை மாகாணத்தில் இத்தகைய உரிமையைக் கோரியது அரசன்று, குடும்பமே. வட மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிற் பலர் மருமக்கத்தாயம் எனும் தாய்வழி முறையைப் பின்பற்றினர். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியமும் தாய்வழிக் கூட்டுக் குடும்பமாகிய தறவாட்டையே சேர்ந்தது; அவருடைய மனைவி மக்கள் வெறுங்கையராயினர். நீதிமன்றங்களும் இவ்வழக்காற்றை ஏற்றன. 1918ஆம் ஆண்டின் மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டமே சுயசம்பாத்தியத்தை ஷரீஅத் முறைப்படி பங்கிட வழி திறந்தது. தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக் கேட்கும் உரிமையை 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அக்குறையை நீக்கியது. ஆகவே நம் பகுதி வயலிலும் மகளுக்குப் பங்குண்டு என்பதில் இன்று ஐயமில்லை.

அடக்கச் செலவு, கடன், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து ஆகியன போக எஞ்சியதற்கு அந்நிஸா அத்தியாயம் பங்குகளை வரையறுக்கின்றது. மகன் பெறுவதில் பாதி மகளுக்குரியது. இது எவரும் இரங்கி ஈவதன்று, அவளது உரிமை. ஆயினும், "நகையும் சீரும் தந்தாயிற்றே" எனக் கூறி, விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையொப்பத்தைப் பெறும் வழக்கம் மறையவில்லை. திருமண அன்பளிப்பு வாரிசுப் பங்குக்கு ஈடாகாது. தன் பங்கின் அளவை அறிந்து, மனமுவந்து அவள் விட்டுக்கொடுத்தால் அது வேறு. நிர்ப்பந்தத்தால் பெற்ற கையொப்பம் பத்திரத்தை நிறைவு செய்யலாம், பொறுப்பைத் தீர்க்காது.

அரசரின் கையும் தறவாட்டின் கையும் விலகிய இடத்தில் உடன்பிறந்தானின் கை நீளலாமா? இதனை நாம் நம் இல்லங்களிலேயே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.