சக்கரத்துக்குள் ஒரு சூரியன்

கல் குவாரிகளில் ஜல்லியை அள்ளி லாரியில் கொட்டும் லோடர் வண்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் 14-இல் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் மாதிரி ஒன்றை, பழையதாக வாங்கிச் சீர்செய்து, சென்ற ஆண்டு எங்கள் துறையின் கண்காட்சியில் வைத்தேன். பக்கெட் நிறைய மணலைத் தூக்கியாயிற்று; இனி வண்டி நகர வேண்டும். மோட்டார் சுற்றியது, சக்கரங்கள் அசையவில்லை. உள்ளே 'கறகற' என்றொரு ஓசை. முன் அச்சிலிருந்த கிரவுன் வீலின் பிளாஸ்டிக் பற்கள் உதிர்ந்துவிட்டன. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மோட்டாருக்கு வலு போதவில்லை என்று நினைத்து, உதவித்தொகைப் பணத்தில் பெரிய மோட்டார் வாங்கிப் பொருத்தினேன். புதிய பற்கள் இரண்டே நாளில் போயின. இம்முறை ஆக்ஸில் கம்பியும் முறுக்கிக்கொண்டது.

என் தந்தையார் குவாரியில் லோடர் ஓட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் இரவு அவராகவே வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, எங்க வண்டியில வேகத்தைக் கடைசியாக் குறைக்கிறது சக்கரத்துக்கிட்டதான். உன் வண்டியில ஹப்புக்குள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றார்.

அந்தக் கேள்வியில் அடங்கிய இயற்பியல் இதுதான். என் மோட்டார் நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றுகிறது. சக்கரம் சுற்ற வேண்டியதோ 100 முறை. ஆகவே வேகத்தை 60 மடங்கு குறைக்கிறோம். உராய்வில் வீணாவது போக, திருப்பு விசை ஏறத்தாழ 60 மடங்கு பெருகுகிறது. இந்தக் குறைப்பு முழுவதும் கிரவுன் வீலிலேயே முடிந்துவிட்டால், பெருகிய விசை முழுவதையும் அதன் பற்களும் ஆக்ஸில் கம்பிகளுமே தாங்க வேண்டும். பெரிய மோட்டார் வைத்தால் அந்தச் சுமை இன்னும் கூடுமே தவிரக் குறையாது!

இதற்கு மாற்று, சக்கரத்தின் ஹப்பில் அமையும் கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவே சூரியனைப் போல 12 பற்களுள்ள ஒரு சக்கரம். அதைச் சுற்றிக் கோள்களாக மூன்று சக்கரங்கள். வெளியே, உட்புறம் 36 பற்கள் கொண்ட அசையாத வளையம். ஆக்ஸில் கம்பி சூரியனைச் சுழற்றும். கோள்களைத் தாங்கும் தட்டு வண்டிச் சக்கரத்தைச் சுழற்றும். சூரியன் 4 முறை சுற்றினால் தட்டு ஒரு முறைதான் சுற்றும். சுமையையும் மூன்று கோள்கள் பகிர்ந்துகொள்கின்றன.

ஹப்பிலேயே 4 மடங்கு குறைந்துவிடுவதால், அதற்கு முன் 15 மடங்கு குறைத்தால் போதும். மொத்தம் அதே 60. வண்டியின் வேகமும் அதே. ஆனால் கிரவுன் வீலும் கம்பியும் தாங்கும் திருப்பு விசை கால் பங்காகிவிடுகிறது.

இவ்வமைப்புள்ள உலோக அச்சுகளைப் பணம் சேர்த்து வாங்கினேன். 4 மி.மீ. கம்பிக்குப் பதிலாக, அதில் 5 மி.மீ. எஃகுக் கம்பி. கம்பியின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 64 எங்கே, 125 எங்கே! ஒரு மில்லிமீட்டர் கூடியதிலேயே வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது; எஃகின் வலிமை அதற்கு மேல்.

சுமை தூக்கும்போது எடையில் பெரும்பங்கு முன் சக்கரங்களில்தான் விழுகிறது. முன் அச்சை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் குறைப்பு விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் ஓர் அச்சு மற்றதை இழுத்துப் பிடிக்கும்.

இவ்வாண்டுக் கண்காட்சியில் வண்டி பக்கெட் நிறைய மணலோடு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. அப்பாவும் வந்திருந்தார். பேராசிரியர் விளக்கம் கேட்டபோது நான் கரும்பலகையில் சூத்திரம் எழுதினேன். அப்பா மூன்று விரல்களைச் சுழற்றிக் காட்டினார். இரண்டும் ஒன்றே என்றார் பேராசிரியர்.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நூலகத்துக்குப் புறப்படும் முன், வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!