ஏட்டிலிருந்து கணினிக்கு

காத்தோங்கில் சிலோன் ரோடு என்னும் சாலையைப் பலரும் அறிவோம். அங்குள்ள செண்பக விநாயகர் ஆலயத்தை வளர்த்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அதே இலங்கையின் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அவர்களுடைய பணி எத்தகையது, அதில் கணினிக்கு என்ன பங்கு என்பதைப் பார்ப்போம்.

ஓலைச்சுவடிகளில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஒகர ஓகார வேறுபாடும் இராது. ஆகவே 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால் 'காடு' என்பதைக் 'கரடு' என்றும் படிக்கலாம். பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டுத்தான் சரியான பாடத்தை அவர்கள் துணிந்தார்கள்.

அந்தத் துணிவைக் கணினி தராது. ஆனால் எழுத்தெழுத்தாகப் பதிந்த நூலில், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்பதை நொடியில் எடுத்துக் காட்டும். பக்கத்தைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் இது இயலாது. படம் வேறு, பாடம் வேறு.

இத்தகைய பாடங்களை உருவாக்க 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அதனை வழிநடத்தினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி உழைத்தனர். ஒருவர் அச்சு நூலைப் பார்த்துத் தட்டெழுதுவார். வேறொரு நாட்டிலிருந்து இன்னொருவர் பிழை திருத்துவார். சங்க நூல்களும் காப்பியங்களும் இவ்வாறு இணையத்தில் ஏறின.

அக்காலத்தில் ஓர் இடையூறு இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் பொருளற்ற கோடுகளாய்த் தோன்றும். குறியீட்டை ஒழுங்குபடுத்தும் பேச்சு 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் முக்கிய இடம் பெற்றது. பின்னர் யூனிகோடு பரவியதும் அந்த இடர் பெரிதும் நீங்கியது.

பிழை நீங்கிவிட்டதா? இல்லை. வலி, வளி, வழி ஆகிய மூன்றும் வெவ்வேறு சொற்கள். தட்டெழுதுபவர் விரல் ஒருமுறை தவறினால் பாட்டின் பொருளே மாறும். அந்தப் பிழையே படிக்குப் படி பரவும். தேடுபவருக்கும் தவறான விடையே கிடைக்கும். எனவே இரண்டாவது கண் இன்றும் வேண்டும். காத்தோங்கில் வீட்டிலிருந்தபடியே நம்முள் ஒருவர் நல்ல பதிப்பொன்றைப் பக்கத்தில் வைத்து, நாளுக்குப் பத்து அடிகளை ஒப்பிட்டுத் திருத்தினாலும், அந்தப் பழம் பதிப்பாசிரியர்களின் பணியே தொடர்கிறது.