வரலாம், வராமலும் போகலாம்

விடியற்காலையில் வெட்டுக்குப் புறப்படும்போது வானத்தைப் பார்க்கிறோம். மேற்கே கறுத்துக் கிடக்கிறது. அப்போது என்ன சொல்கிறோம்? "மழை வரும்" என்று அடித்துச் சொல்வதில்லை. "வராது" என்றும் சொல்வதில்லை. "மழை வந்தாலும் வரும்" என்கிறோம். வரும் என்று முடிவுகட்டிவிட்டால் கத்தியை எடுக்கவே கை வராது. வராது என்று நம்பிப் போனால், மங்கில் இறங்கிய பால் மழைத் தண்ணீரோடு வழிந்து ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பேச்சு நமக்கு வேண்டியிருக்கிறது. இந்த நடுப்பேச்சை ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. நாம் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தாயார் ஆங்கிலத்தில் வந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, "வாத்தியாரய்யா, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டார். பிள்ளையின் காதுவலிக்குப் பார்க்க வேண்டிய டாக்டரைப் பற்றிய கடிதம் அது. "த டாக்டர் மே கம் ஆன் ஃப்ரைடே" என்று எழுதியிருந்தது. வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "வெள்ளிக்கிழமை டாக்டர் வருகிறார் அம்மா" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் மாலை வரை காத்திருந்தார். டாக்டர் வரவில்லை. கடிதம் எழுதியவர் மேல் குற்றமில்லை. "வரலாம்" என்றுதான் அவர் எழுதியிருந்தார். அதை "வருகிறார்" என்று படித்துச் சொன்னது நாம். "மே" என்ற அந்தச் சின்னச் சொல்லை அன்று முதல் நாம் அலட்சியமாகப் படிப்பதில்லை.

முதலில் நம் தமிழைப் பார்ப்போம். மாமா ஊரிலிருந்து வருவாரா என்று ஒருவர் கேட்கிறார். உறுதியாகத் தெரிந்தால் "வருவார்" என்கிறோம். அவ்வளவு உறுதி இல்லையென்றால் "வரலாம்" அல்லது "வரக்கூடும்" என்கிறோம். நம்பிக்கை இன்னும் குறைவென்றால் "வந்தாலும் வருவார்" என்கிறோம். ஆங்கிலத்திலும் இப்படிப் படிகள் உண்டு. "ஹீ வில் கம்" என்றால் வருவார். "ஹீ மே கம்" என்றால் வரலாம். "ஹீ மைட் கம்" என்றால் வந்தாலும் வருவார். ஆனால் அன்றாடப் பேச்சில் "மே"க்கும் "மைட்"டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னாலும் பிழையாகாது.

"மே" என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. "யூ மே கோ" என்று ஆசிரியர் சொன்னால் "நீ போகலாம்" என்ற அனுமதி. "இட் மே ரெய்ன்" என்றால் "மழை பெய்யலாம்" என்ற ஐயம். நம் "லாம்" என்ற முடிவும் இப்படித்தான் இரண்டுக்கும் உழைக்கிறது. மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. ஆகவே பேச்சின் இடத்தைப் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும்.

"மைட்" என்பது முற்காலத்தில் "மே" என்பதன் இறந்தகால வடிவம். "குட்" என்பதும் "கேன்" என்பதன் இறந்தகால வடிவமே. அப்படியிருந்தும் "இட் மைட் ரெய்ன் டுமாரோ" என்று நாளைய மழைக்குச் சொல்கிறார்கள். சொல்லை இறந்தகாலத்துக்குத் தள்ளினால் பேச்சின் அழுத்தம் குறைந்து, மென்மையாகிவிடுகிறது. இது ஆங்கிலத்தின் வழக்கம். "இட் குட் ரெய்ன்" என்றாலும் மழை பெய்யக்கூடும் என்பதே பொருள்.

"குட்" என்பதை எழுதும்போது நடுவில் "எல்" என்ற எழுத்து வருகிறதே, அது ஏன் ஒலிப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். "வுட்", "ஷுட்" என்ற சொற்களில் பழங்காலத்தில் அந்த எழுத்து ஒலித்தது. "குட்" என்ற சொல்லுக்கு அது சொந்தமே இல்லை. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், மற்ற இரண்டையும் பார்த்து இதிலும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் அதிகமாகத் தவறுவது "கேன்" என்ற சொல்லில். "நாளைக்கு மழை வரலாம்" என்பதை "டுமாரோ கேன் ரெய்ன்" என்கிறார்கள். மலாயில் "போலே" என்றால் முடியும். "போலே ஜாடி" என்றால் இருக்கலாம். அந்தப் பழக்கம் இங்கே நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நாளைய மழைக்கு "இட் மே ரெய்ன் டுமாரோ" என்பதே சரி.

அடுத்தது இல்லை என்று சொல்லும் இடம். இங்கே கவனம் தேவை. "ஹீ மே நாட் பி அட் ஹோம்" என்றால் அவர் வீட்டில் இல்லாமலிருக்கலாம், இருக்கவும் இருக்கலாம். போய்ப் பார்ப்பதில் தவறில்லை. "ஹீ கேனாட் பி அட் ஹோம்" என்றால் அவர் வீட்டில் இருக்கவே முடியாது. "குட் நாட் பி" என்றாலும் முடியாது என்ற பக்கம்தான் சாயும். இன்னொன்று, வாசற்பலகையில் "யூ மே நாட் என்டர்" என்று கண்டால் அது ஐயமன்று, தடை. உள்ளே போகக்கூடாது என்று பொருள்.

அடையாளம் கண்டு ஊகிக்கும்போது "மஸ்ட்" வருகிறது. வீட்டில் விளக்கு எரிகிறது, வானொலி பாடுகிறது. "ஹீ மஸ்ட் பி அட் ஹோம்", அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். நடந்து முடிந்ததை ஊகிக்க "ஹேவ்" சேர்க்க வேண்டும். "ஷீ மே ஹேவ் மிஸ்ட் த பஸ்" என்றால் அவள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம்.

இரண்டு விதிகளை மனத்தில் வைத்தால் போதும். இந்தச் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. "ஐ மே", "ஹீ மே", "தே மே" எல்லாம் ஒன்றே. "ஹீ மேஸ்" என்பது கிடையாது. இவற்றின் பின்னால் "டு" வராது. "மே கோ" என்பது சரி. "மே டு கோ" என்பது பிழை. "மே பி" என்று இரண்டு சொல்லாக எழுதினால் "இருக்கலாம்". ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் "ஒருவேளை". "ஹீ மே பி சிக்" என்றாலும், "மேபி ஹீ இஸ் சிக்" என்றாலும் கருத்து ஒன்றே.

இனி ஒரு மருத்துவமனைப் பேச்சு. பிள்ளைக்கு 3 நாளாகக் காய்ச்சல். "குட் இட் பி டிங்கி?" என்று கேட்கிறோம். டிங்கிக் காய்ச்சலாக இருக்குமோ என்பது பொருள். இந்த இடத்தில் "மே இட் பி" என்று கேட்பது பேச்சுவழக்கில் இல்லை. டாக்டர், "இட் மைட் பி. வீ வில் டெஸ்ட் ஹிஸ் பிளட்" என்கிறார். இதைக் கேட்டு, டிங்கி வந்துவிட்டது என்று அழத் தொடங்க வேண்டாம். ஒன்றுமில்லை என்று பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிவரவும் வேண்டாம். "மைட்" என்றது ஐயம். "வில்" என்றது உறுதி. இரத்தத்தைச் சோதிக்கப்போவது நிச்சயம். அந்த முடிவு தெரியும்வரை டாக்டர் சொன்னபடி நடப்பதே நம் கடமை.

நேயர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, நாளை நடக்கக்கூடியவை 3 சொல்லச் சொல்லுங்கள். லாரி தாமதமாக வரலாம், பாட்டி வந்தாலும் வருவார், மழை பெய்யக்கூடும். ஒவ்வொன்றையும் "மே", "மைட்", "குட்" வைத்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அந்தச் சொல் காதில் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்த முறை கடிதம் ஏதும் வந்தால், படித்துச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வில் என்று போட்டிருக்கிறதா, மே என்று போட்டிருக்கிறதா?" வாத்தியாரே படித்துச் சொன்னாலும் கேளுங்கள்.