பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

உங்கள் இல்லத்தில் எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கக்கூடும். பிள்ளைகள் பாடம் படிக்கவும், வளைகுடாவில் பொருளீட்டச் சென்றிருப்பவரோடு முகம் பார்த்துப் பேசவும், கடையின் வரவு செலவைக் குறித்து வைக்கவும் அது உங்களுக்குத் துணை நின்றிருக்கும். அந்த இயந்திரத்தில் பெரும்பாலும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளமே இருக்கும். 2015 ஜூலையில் வெளிவந்த அதற்கு வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்ணப்பித்துக் கொள்வோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு தவணை அளித்தது.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்கிறீர்களா? அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் ஏறக்குறைய 2018க்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இந்த வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. ஆக, புதிய கம்ப்யூட்டர் வாங்கு என்பார் ஒருவர். "கவலைப்படாதீர்கள் பாய், சில நூறு ரூபாய் கொடுங்கள், எல்லாவற்றையும் போட்டுத் தருகிறேன்" என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டாமவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நானே அவரிடம் சென்றவன். சில ஆண்டுகளுக்கு முன், உரிமம் இன்றிப் பூட்டுடைக்கப்பட்ட மென்பொருள்களை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஏற்றிக்கொண்டோம். ஓராண்டுகூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால், சேமித்து வைத்திருந்த படங்கள் அனைத்தும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டுக் கிடந்தன. பணம் அனுப்பினால் திறந்து தருவதாகத் திரையில் ஒரு மிரட்டல் கடிதம்! மர்ஹூம் வாப்பா அவர்கள் தம் கடைசிப் பெருநாளில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருந்த படங்களும் அவற்றில் போயின. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்டு வாங்கியவர்கள் நாம்தாமே!

இழப்பு ஒருபுறம் இருக்கட்டும். பிறர் உழைத்து உருவாக்கி விலை வைத்திருக்கும் ஒன்றை அவர் அனுமதியின்றி எடுத்துக்கொள்வது தகுமா என்ற கேள்வியும் இருக்கிறது. நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடித்தவரின் உரிமை போன்றவை ஷரீஅத் அங்கீகரிக்கும் உரிமைகளே, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. கடையில் ஒரு மிட்டாயைக் கேளாமல் எடுத்தால் பிள்ளையைக் கண்டிக்கும் நாம், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

புதியது வாங்கப் பணமில்லை. திருட்டுப் பிரதியும் வேண்டாம். வேறு வழி? உண்டு. அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே உண்டு.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அதன் கரு லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர்ந்தன. இதன் மூல நிரல் எவருக்கும் திறந்தே இருக்கும். படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்து அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். இதைப் படியெடுத்துக் கொடுப்பது குற்றமன்று. எழுதியவர்களே அதற்கு எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார்கள்.

லினக்ஸ் நமக்குப் புதிதுமன்று. 2011 செப்டம்பர் முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். அவற்றில் விண்டோசோடு பாஸ் என்ற மற்றொரு இயங்குதளமும் இருந்ததே, நினைவிருக்கிறதா? அது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ்தான். நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கேரளத்திலோ அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அங்குள்ள கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை உருவாக்கி அளித்திருக்கிறது.

லினக்ஸ் என்று தேடப் புகுந்தால் நூற்றுக்கணக்கான வகைகள் வந்து நின்று மலைக்க வைக்கும். பிரியாணிக்கு ஊருக்கு ஊர் கைப்பக்குவம் வேறுபடுவது போலத்தான் இதுவும், அடிப்படை ஒன்றே. 2004இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு மிகவும் புகழ் பெற்றது. ஆயினும் அதன் திரை அமைப்பு விண்டோசில் பழகிய கண்களுக்குச் சற்று அந்நியமாகத் தோன்றும். ஸோரின் என்பது பார்வைக்கு அழகானது. முதன்முறையாக இந்தப் பக்கம் வருவோருக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். 2006இல் கிளமென்ட் லெஃபெவ்ர் என்பவர் தொடங்கியது இது. இடப்புறம் கீழே பட்டியல் பொத்தான், வலப்புறம் கடிகாரம் என எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். வீட்டிலுள்ள உம்மாவோ பெரியம்மாவோ புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. 2024இல் வெளிவந்த இதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

மின்டிலும் மூன்று உருவங்கள் உள்ளன. 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் நினைவகம் இருந்தால் சின்னமன் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஜி.பி. மட்டுமே உள்ள பழைய மடிக்கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான உருவம் போதும். மூன்றாவதான மாட்டே பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் மிகப் பெரிய வசதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து சுமார் 3 ஜி.பி. அளவுள்ள கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். அதைச் செருகிக் கம்ப்யூட்டரை இயக்கும்போது, இயந்திரத்துக்கு ஏற்ப எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திரையில் வந்துவிடும். உங்கள் பழைய கோப்புகள் தொடப்படாமல் அப்படியே இருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும். அதைக் கண்டு ஏமாற்றம் அடையாதீர்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா படம் காட்டுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அச்சு இயந்திரத்தை இணைத்து ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள். சில பழைய லேசர் அச்சு இயந்திரங்கள் லினக்ஸோடு ஒத்துழைக்க மறுக்கும். எங்கள் வீட்டுக் கிழ இயந்திரம் என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை.

அலுவலகக் கடிதம், கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆஃபீஸும், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸும் உடனேயே இருக்கும். ஜூம், கூகுள் மீட் இரண்டும் இயங்கும். வாட்ஸப் செய்திகளை ஃபயர்ஃபாக்ஸிலேயே படிக்கலாம். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் உண்டு. அரபு விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டால் ஒரே தாளில் தமிழையும் அரபையும் மாற்றி மாற்றி எழுதலாம். மதரஸாவுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் சகோதரிகளுக்கு இது பெரிதும் உதவும். சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்றொரு தொகுப்பு இருக்கிறது. எண், எழுத்து, நினைவாற்றல் விளையாட்டுகள் நிறைந்தது, விளம்பரத் தொல்லை அறவே இல்லை.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கடைக் கணக்கை டாலியில் எழுதுவோர், ஃபோட்டோஷாப் அல்லது கோரல்டிரா கொண்டு பிழைப்பு நடத்துவோர் அவசரப்பட்டு மாறக் கூடாது. அவை லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. டிஜிட்டல் கையொப்பச் சாவி பயன்படுத்துவோரும் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. அத்தகையோர் விண்டோஸை ஒரு பகுதியிலும் மின்டை மற்றொரு பகுதியிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்த்து மனம் ஒப்பினால், திரையிலுள்ள நிறுவும் குறியைச் சொடுக்குங்கள். வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா என்று கேட்கும் இடத்தில் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துப் பதில் சொல்லுங்கள். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃக்ரிபுக்குள் வேலை முடிந்துவிடும். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அதை முந்தைய இரவே தொடங்கிவிடுங்கள். படியெடுத்த பின் இரண்டு மூன்று படங்களைத் திறந்தும் பாருங்கள்.